"பிரானா" என்று பலகை வைத்த தொட்டியில் இருப்பது பிரானா இல்லை

ஏப்ரல் 26, இரவு 10:15

லீவுக்கு மதுரையில் கண்ணாடிச் சுரங்கம் போட்டு மீன் கண்காட்சி நடக்கிறதே, போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? "அமேசான் பிரானா, மனிதனைத் தின்னும் மீன்" என்று சிவப்புப் பெயின்டில் எழுதி, தொட்டிக்கு மேலே பிளாஸ்டிக் மண்டை ஓடு வேறு வைத்திருக்கிறார்கள். உள்ளே நீந்துவது பிரானா இல்லை, பாக்கூ. மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று கூறுகட்டி விற்கிறார்களே, சாட்சாத் அதுதான்.

குஞ்சாக இருக்கும்போது இரண்டுக்கும் வயிறு சிவப்பாகத்தான் இருக்கும், குழம்புவது சகஜம். வாயைப் பாருங்கள். பிரானாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், பல் முக்கோணமாக ரம்பம் மாதிரி இருக்கும். பாக்கூவுக்கு நம்முடைய கடைவாய்ப்பல் போலச் சப்பையான பல். அமேசானில் மரத்திலிருந்து ஆற்றில் விழும் பழத்தையும் கொட்டையையும் உடைத்துத் தின்கிற மீன் அது. மனிதனைத் தின்னும் என்று எழுதப்பட்டதை மனிதன் மிளகாய்ப்பொடி தடவிப் பொரித்துத் தின்றுகொண்டிருக்கிறான்.

என் கேள்வி அதுகூட இல்லை. அத்தனை தொட்டி இருக்கிறது, நம் கண்மாயில் வாழ்கிற மீன் ஒன்றாவது இருக்கக் கூடாதா?

ஏப்ரல் 26, இரவு 11:00

விட்டுப்போனதைச் சேர்த்துவிடுகிறேன். "சுறா" என்று ஒரு தொட்டி. உள்ளே பங்காசியஸ் கெளுத்தி. ஹோட்டலில் முள்ளில்லாத மீன் என்று வறுத்துத் தருவார்களே, அந்த இனம். முதுகுத் துடுப்பு செங்குத்தாக நிற்பதால் கலர் மீன் கடைக்காரர்கள் எப்போதோ சுறா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அரபைமா என்கிற அமேசான் ராட்சத மீன் மட்டும் அசல். ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, தொட்டி போதவில்லை. அலிகேட்டர் கார் என்கிற நீள மூக்கு மீன் ஒன்றும் அசல்தான், மூக்கு பக்கத்துக் கண்ணாடியில் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு பையன் பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டு போட்டோ எடுக்கக் காசு வாங்கிக்கொண்டிருந்தான். பச்சை இகுவானா என்கிற பெரிய பல்லி இனமும் உண்டு, கயிற்றில் கட்டி.

ஏப்ரல் 27, காலை 7:40

"பார்க்க வருகிறவனுக்கு எந்த மீனாக இருந்தால் என்ன, பிள்ளை சந்தோஷப்பட்டால் போதாதா" என்று கேட்ட அண்ணனுக்கு.

போதும்தான் அண்ணே. ஆனால் என் அக்கா மகன் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வந்து, கிராமத்துக் கிணற்றில் கால் வைக்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு நீச்சல் பழக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 27, மதியம் 1:20

ஊரின் பழைய பாண்டியர் கொடியில் மீன், ஊருக்கே தாயாக இருக்கிறவளுக்கு மீன்கண், இருந்தும் மதுரையில் நிரந்தரமாக ஒரு மீன் காட்சியகம் இல்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். காரணம் தெரியாதா? பொற்றாமரைக் குளத்துக்கு வந்த நாரை, மீனைக் கண்டால் பசி வந்து தவம் கெடும், என் இனத்துக்கே அந்தப் பாவம் வேண்டாம், இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று சொக்கநாதரிடம் வரம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. திருவிளையாடலில் இருக்கிறது. அந்த வரம் மாநகராட்சி எல்லை வரைக்கும் வேலை செய்கிறது போல.

ஏப்ரல் 28, இரவு 9:50

சரி, வைத்தால் எதை வைப்பாய் என்று கேட்டவர்களுக்கு. முதல் தொட்டி அயிரைக்கு.

மதுரைக்காரனுக்கு அயிரை என்றால் குழம்பு. வீட்டில் அம்மா அதை உயிரோடுதான் வாங்குவார். தண்ணீரில் கொஞ்சம் பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றி விட்டுவைத்தால் வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கும். அப்புறம் கல் உப்பைப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவ வேண்டும். அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் எங்கள் வீட்டில் எல்லோரும். ஆனால் அந்த மண் வயிற்றுக்குள் எப்படிப் போனது என்று நான் கவனித்தது தொட்டியில் வளர்த்தபோதுதான். அயிரை மணலை வாய் நிறைய அள்ளும், இரையை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே விட்டுவிடும். வாயைச் சுற்றிச் சின்ன மீசைகள், அதால் தடவித் தடவித்தான் இரை தேடும். பயந்தால் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். விரல் நீளம்கூட இல்லாத மீன், ஒரு சாயங்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் திடீரென்று செங்குத்தாக மேலே பாயும், ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்தக் காற்று குடலுக்குப் போகிறது. குடல் சுவர் அதிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. செவுள் இருக்க குடல் எதற்கு என்றால், காரணம் நம் வெயில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரையில் முழங்கால் அளவு வற்றி, சேறாகி, பாசி அழுகும் கண்மாயில் அந்த ஏழரையும் கிடைக்காது. அங்கே பிழைத்துக் கிடப்பவை பெரும்பாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. அயிரை குடலால், விரால் தலைக்குள் இருக்கும் அறையால், தேளி முதுகுப் பக்கமாக வால் வரை நீளும் பையால், பனையேறிக் கெண்டை செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக உள்ள ஓர் உறுப்பால்.

கண்காட்சியில் அரபைமா கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போல மேலே வந்து "பொளக்" என்று காற்றைக் குடித்தது, ஜனம் கை தட்டியது. அமேசானின் வெள்ளக்காடுகளிலும் ஆக்சிஜன் குறைவு, அதனால் அதற்கு அந்த ஏற்பாடு. கை தட்ட வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வேலையை வண்டியூர்க் கண்மாயில் விரால் டிக்கெட் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 28, இரவு 10:05

விராலைத் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைத்தால் மூழ்கிச் செத்துப்போகும் என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. வலையில் சிக்கி மேலே வர முடியாத விரால் சாவது அப்படித்தான்.

ஏப்ரல் 29, இரவு 11:30

விரால் வளர்த்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். மூடி போடாமல் வளர்க்காதீர்கள். ராத்திரி எம்பிக் குதித்துவிடும். எங்கள் வீட்டில் ஒன்று விடியற்காலையில் அடுப்படிக் கதவோரம் கிடந்தது, உயிரோடு. அள்ளித் தொட்டியில் போட்டதும் எதுவும் நடக்காத மாதிரி மூலைக்குப் போய் நின்றுகொண்டது. வீட்டில் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நடந்து, அது ஊர்க் கிணற்றுக்குக் குடிபோனது.

காட்சிக்கு வைத்தால் குஞ்சுகளோடு வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரே திரளாகப் புரண்டுகொண்டு போகும். கீழே தாயும் தகப்பனும் காவல். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கொதிப்பது போலத் தெரியும். அந்தச் சமயத்தில் தூண்டில் போட்டுப் பெற்றோரைப் பிடிப்பது சுலபம், ஏனென்றால் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

பனையேறிக் கெண்டைக்கு அருகில் பலகையில் என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினை. அது பனையில் ஏறியதைக் கண்டேன் என்று டென்மார்க் படையின் லெப்டினன்ட் டால்டார்ஃப் எழுதியது 1797இல் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. இடம் நம் தரங்கம்பாடி. மழைநாளில் தரையில் செவுள்மூடி முள்ளை ஊன்றி ஊன்றி அது நடப்பது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். மரம் ஏறுவதைப் பிறகு வந்தவர்கள் ஒப்பவில்லை. காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மட்டையில் விட்டதாக இருக்கும் என்கிறார்கள். நான் இரண்டையும் எழுதிவைப்பேன்.

மே 1, மாலை 6:10

மேலே வீராப்பாக எழுதிவிட்டேன். இப்போது எனக்கே ஒரு சந்தேகம். அயிரை, ஆரால், தேளி, குரவை, எல்லாமே சேற்று நிறம். அவற்றின் பிழைப்பே கண்ணில் படாமல் இருப்பது. கூட்டம் ஏன் நிற்கப்போகிறது? கலர் கலரான கப்பி மீன் தொட்டியின் முன்னால் நிற்கிற பிள்ளையை இழுத்துவந்து ஆராலைக் காட்டினால், "எங்கே மீன்?" என்று கேட்கும். மணலுக்கு வெளியே ஒரு மூக்கு நுனி மட்டும் தெரியும்.

தொட்டி அமைப்பில் செய்ய வேண்டிய வேலை இது. கண்காட்சிக்காரர்கள் நீல பெயின்ட் அடித்த பின்புறம், குழல் விளக்கு, வெறும் கண்ணாடித் தரை என்று வைக்கிறார்கள். அதில் அயிரையை விட்டால் அது வெறும் துரும்பு. நயமான ஆற்று மணல், ஒரு வேர்க்கட்டை, மேலிருந்து ஒரே ஒரு விளக்கு, பார்க்கிறவர்கள் நிற்கும் பக்கம் இருட்டு. எங்கள் வீட்டுத் தொட்டியை அப்படி மாற்றிய பிறகு ஆராலின் உடம்பில் உள்ள பொட்டும் கோடும் எடுத்துத் தெரிந்தன. காசும் குறைவு. நம் ஊர் வெப்பத்துக்குப் பழகிய மீனுக்கு ஹீட்டரும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் போக ஒரு நாள் திறந்துவைத்தால் போதும்.

சென்னை மெரினாவில் 1909இலேயே மீன் காட்சிசாலை திறந்தார்கள். அன்றைக்கு மோட்டார் வசதி எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வசதி இல்லை என்று சொல்லாதீர்கள்.

மே 2, காலை 8:25

"ஜிலேபிதான் நம்ம ஊர் மீன், அதை விட்டுட்டீங்களே." தம்பி, ஜிலேபி ஆப்பிரிக்காக்காரன். 1952இல்தான் இந்தியாவுக்கே வந்தது.

மே 2, இரவு 10:40

அந்தத் தம்பியின் கேள்வி பகல் முழுக்க மண்டைக்குள் ஓடியது. ஜிலேபியை வெளியூரான் என்று தள்ளினால் கட்லாவும் ரோகும் மிர்காலும் கங்கைப் பக்கத்து மீன்கள். மீன்பண்ணையில் குஞ்சு வாங்கிக் கண்மாயில் விடுகிறோம். கொசுவுக்காகக் கிணற்றில் விட்ட கம்பூசியா அமெரிக்கா. இன்னும் மேலே போனால், வைகையில் வரும் தண்ணீரிலேயே பெரும்பங்கு 1895 முதல் முல்லைப் பெரியாறு சுரங்கம் வழியாக மேற்கே ஓட வேண்டிய ஆற்றிலிருந்து வருகிறது. தண்ணீரே குடியேறி வந்ததாக இருக்க, மீனிடம் மட்டும் பூர்வீகச் சான்றிதழ் கேட்பது அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

அதனால் என் திட்டத்தில் திருத்தம். மதுரைத் தண்ணீரில் இன்று என்ன நீந்துகிறதோ அத்தனையும் வரட்டும், ஜிலேபி உட்பட. தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கிற மீன் அது. ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடிவந்து அம்மா வாய்க்குள் புகும். அதைவிட வேடிக்கை வேண்டுமா? பலகையில் மட்டும் எங்கிருந்து, எப்போது, யாரால் வந்தது என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மே 4, மதியம் 3:00

ஊர்வன பற்றிக் கேட்டவர்களுக்கு.

மதுரையிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாக அமராவதி அணை போங்கள். அங்கே வனத்துறை முதலைப் பண்ணை இருக்கிறது, 1970களின் நடுவில் தொடங்கியது. சின்னாறு, தேனாறு, பாம்பாறு வந்து சேருகிற அந்த நீர்த்தேக்கத்தில் நன்னீர் முதலை இயற்கையாகவே உண்டு. பண்ணையில் கொத்துக் கொத்தாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நான் குடும்பத்தோடு போனபோது ஒரு குடும்பம் முதலை அசைய வேண்டும் என்று கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. "பொம்மையா சார் இது?" என்று என்னையே கேட்டார்கள். வாயைப் பிளந்திருப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. முதலைக்கு வியர்வை கிடையாது. இதை எழுதி ஒரு பலகை, கல் பொறுக்கும் கை எட்டுகிற உயரத்தில் வைத்தால் பாதிக் கல் குறையும் என்று நினைக்கிறேன். பாதி குறையாது.

நம் கண்மாய் ஆமைகள் பாலாமையும் காராமையும். பாலாமைக்குப் பின்கால்களை மூடிக்கொள்ள அடியில் தோல் மடல் உண்டு. கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் இறங்கிக் கிடக்கும். எங்கள் ஊரில் தூர்வாரியபோது ஜேசிபி வாளியில் மண்ணோடு ஒன்று வந்தது. ஓட்டுநர் இறங்கி அதை எடுத்துக் கரைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு மறுபடி ஏறினார். பாலாமை 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தாலும் குற்றம், கறி வைத்தாலும் குற்றம். அதைக் காட்சிக்கு வைக்க அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்கா வேண்டும். ஆக, என் கனவுக் காட்சியகத்தில் ஆமைத் தொட்டி தனியார் யாரும் நினைத்தவுடன் வைக்கக்கூடியது இல்லை.

அந்தப் பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அந்தப் பட்டியலில் இருப்பவை. போட்டோவுக்குக் காசு கொடுக்கும் முன் பதிவுத்தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மே 4, இரவு 9:15

இது சும்மா. முதலைக்கு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடுதான் தீர்மானிக்கிறது. நம் நன்னீர் முதலையின் முட்டை 31 டிகிரி வரை இருந்தால் பெண், 32.5ஐ ஒட்டினால் ஆண். கடையில் விற்கிற சிவப்புக்காது ஆமைக்குத் தலைகீழ். குளிர்ந்தால் ஆண், சூடேறினால் பெண். மதுரை வெயிலில் எது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மே 6, காலை 7:10

ஊர்வனவில் தவளையைச் சேர்த்து எழுதியவருக்கு. தவளை ஊர்வனவில் சேராது. நீர்நில வாழ்வன. தவளையாகும்படிச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க அழகர் ஆண்டுதோறும் வருகிற ஊரில் இருந்துகொண்டு தவளையைப் பல்லிக் கணக்கில் எழுதாதீர்கள்.

மே 9, இரவு 10:30

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், "காட்சியகம் எதற்கு, எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழாவுக்கு வா" என்கிறார். நியாயம். நானும் அந்தப் பக்கத்தவன்தான்.

வராதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை சுற்றுவட்டார ஜனம் அத்தனையும் விளிம்பில் நிற்கும், ஒரு கால் கூடத் தண்ணீரில் படாது. துண்டு அசைந்ததும் ஒரே பாய்ச்சல். ஊத்தா, கச்சா, வலை, சிலர் வேட்டி. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூடை. சேற்றில் குத்தி, மேலே கையை விட்டுத் துழாவ வேண்டும். கையில் தட்டுவது விராலா, கெளுத்தி முள்ளா, தண்ணிப் பாம்பா என்பது தொட்ட பிறகு தெரியும். தண்ணிப் பாம்பு கடிக்கும், விஷம் இல்லை. கெளுத்தி முள் ஏறினால்தான் அன்று ராத்திரி தூக்கம் போகும். பிடித்ததை விற்பதில்லை, வீட்டுக் குழம்புக்குத்தான்.

பத்து வயதுப் பையனுக்கு அங்கே மீன் பேர் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. ஆனால் மதுரை டவுனில் மூன்றாவது மாடியில் வளர்கிற பிள்ளைக்கு அந்தக் கண்மாயும் கிடையாது, துண்டு வீசும் பெரியவரும் கிடையாது. நான் கேட்பது அந்தப் பிள்ளைக்கு.

இன்னொன்று. போன தடவை ஊத்தாவில் ஒரு டேங்க் கிளீனர் வந்தது. கருப்பாக, உடம்பெல்லாம் ஓடு மாதிரி செதில். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னடா பிளாஸ்டிக்கில செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். தென் அமெரிக்க மீன். தொட்டியில் பெரிதானதும் யாரோ இரக்கப்பட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கரையில் குழி தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும், தின்னவும் யாரும் எடுப்பதில்லை.

மே 10, காலை 6:50

இல்லை, டேங்க் கிளீனர் தொட்டியைச் சுத்தம் செய்யாது. பாசியைச் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவு போடும்.

மே 13, இரவு 9:40

தனிச்செய்தியில் கேட்ட சகோதரிக்கு, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே. காசு அகலத்தில் வாங்கிய ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது, தெப்பக்குளத்தில் விட்டுவிடலாமா என்கிறார்.

விடாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது சிவப்புக்காது ஆமை, அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இருப்பது. விட்ட இடத்தில் வெயில் காயும் கல்லையும் இரையையும் நம் ஆமையிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்த ஊரில் அதையே அதிர்ஷ்ட ஆமை என்று விற்றுத் தீர்த்த கடைக்காரரின் திறமையை நான் மெச்சத்தான் வேண்டும். 30 வருஷம் வரை வாழும் என்பதை மட்டும் யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

மொட்டைமாடியில் பெரிய சிமென்ட் தொட்டி போதும். பாதியில் நிழல் இருக்கட்டும், தண்ணீர் அது முங்கி நீந்துகிற ஆழம், ஏறி நின்று உடம்பு முழுக்கக் காய ஒரு கருங்கல். கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது, நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ஓடு மெத்துப்போகும். கடையில் விற்கும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பெரிய ஆமை கீரை நன்றாகத் தின்னும். முருங்கைக்கீரை, நீர்ப்பாசி, ஆகாயத்தாமரை இலை கொடுக்கலாம், வாரத்தில் ஓரிரு முறை சின்ன மீன். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டிக்கொள்ளும். வளர்க்க முடியாது என்றால் வனத்துறை அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். பட்டை சிவப்பாக இல்லாமல் முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால், அது ஆமையே வேறு. அது நட்சத்திர ஆமை, நிலத்தில் வாழ்வது, தண்ணீர்த் தொட்டியில் போட்டால் செத்துவிடும், வைத்திருப்பதும் குற்றம். ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.